ஆறாவது வாரம்

சிற்றுண்டி இலவசம் என்றார்கள்.
தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்து கேட்டால்
ஐம்பது டாலருக்குப் பெட்ரோல் அட்டை.
ஹார்லன் மூன்றாவது வாஃபிளை எடுத்தபோதே நினைத்தேன்:
பாகைத் தின்றவனும் தண்ணீர் குடித்தாக வேண்டும்.

ட்ரெவின் என்ற பையன், வெள்ளைக் காலணி,
மேசைமேல் ஓர் ஆண்டையே விரித்தான்.
ஐம்பத்திரண்டு கட்டம், மூன்று நிறம்.
சிவப்பில் பள்ளி விடுமுறை; விலை கொதிக்கும்.
வெள்ளையில் புயல் வரலாம், வராமலும் போகலாம்.
நீலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை;
ஈரத் தரையைத் தாண்டுகிறவனைப்போல
விரலைத் தூக்கி அப்பால் வைத்தான்.

கடலுக்கும் தரம் உண்டாம்.
எதிர்க்கடல், பக்கக்கடல், பகுதிக்கடல்.
பகுதிக்கடல் அறையில்
பால்கனிக் கம்பியில் வயிற்றை அழுத்திக்
கழுத்தை வெளியே நீட்டினான் ஹார்லன்.
"தெரிகிறது."
"எவ்வளவு?"
"ஒரு சாண்."

பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
ஆண்டுக்கு ஏழு இரவு. என்றென்றைக்கும்.
அந்தக் கடைசிச் சொல்லைப் பையன்
பிஸ்கட்போலத் தட்டில் வைத்தான்.
எனக்கு அறுபத்து மூன்று.
ஹார்லனின் நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட்.
"உங்களுக்குப் பிறகு மகளுக்குப் போகும், மேடம்."
மகள் இருப்பது அரிசோனா.
மணலுக்கு அவளிடம் பஞ்சமில்லை.

நிலம் விற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.
பொழுதை நானே விற்றிருக்கிறேன்,
ஆக்ரன் டயர் ஆலையில், அட்டையில் மணி குத்தி,
முப்பத்தோராண்டு.
நிலத்தையும் பொழுதையும் ஒரே கத்தியால் நறுக்கி
இந்தா உன் துண்டு என்று நீட்டுகிறவனை
மர்ட்டில் பீச்சில்தான் பார்த்தேன்.

மேலாளர் வந்தார், விலை இறங்கியது.
அவருக்கும் மேலாளர் வந்தார், இன்னும் இறங்கியது.
நூற்று நாற்பதாம் நிமிடத்தில்
ஹார்லன் பேனாவின் மூடியைக் கழற்றினான்.
மாத்திரை வேளை என்று பொய் சொன்னேன்.

பாகு சிந்திய சட்டையை அலசத்
தரைத்தளத்துச் சலவை அறைக்குப் போனோம்.
அங்கே ஓடெட்.
சட்பரியிலிருந்து வந்த கனடாக்காரி.
ஆண்கள் நீச்சல் கால்சட்டை ஒன்றை
நான்காய் மடித்து
நன்கொடைப் பைக்குள் வைத்தாள்.
பிறகுதான் எங்களைப் பார்த்தாள்.
"ஆறாவது வாரம் வேண்டுமா? ஒரு டாலர்.
யானைதான் ஒரு டாலர்.
தீனி ஆண்டுக்கு ஆயிரத்து நூறு, மறைக்கமாட்டேன்.
நீலம். பிப்ரவரி. கடல் தகர நிறம்.
லிஃப்ட் நின்று நின்று வரும், ஹீட்டர் இருமும்.
பார்வைக்குப் பகுதிக்கடல்தான்.
ராத்திரி ஓசைக்கு மட்டும்
எவனும் இன்னும் தரம் பிரிக்கவில்லை,
முழுசாக வரும்."

"பிப்ரவரியா?" என்றான் ஹார்லன்,
தங்கமா என்று கேட்கிற குரலில்.
கவுண்டியின் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன்.
பிப்ரவரி அவனுக்கு
அதிகாலை மூன்று மணித் தொலைபேசி,
உப்பு மூட்டை,
ஒடிந்த தபால்பெட்டிக்காரர்களின் வசவு.
ஜன்னலருகே போய் வெகுநேரம் நின்றான்.
"இங்கேயும் வெள்ளையாய் ஒண்ணு கரைக்கு வருது பார்.
யாரும் தள்ள வேண்டாம்.
தானே திரும்பிப் போகுது."

பையில் ஒற்றை டாலர் நோட்டு இல்லை.
உலர்த்திக்கென்று வைத்திருந்த
நான்கு கால் டாலர் காசுகளை எண்ணிக் கொடுத்தேன்.
காகிதமெல்லாம் தபாலில் வரும் என்றாள்,
கை குலுக்கினாள்,
காசைத் தன் எந்திரத்தில் போட்டாள்.
அவளுடைய ஈரத் துண்டுகளோடு
எங்கள் வாரம் சுற்றத் தொடங்கியது.

வட கரோலினா தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு கேட்டான்,
தீனி விலை வருடாவருடம் ஏறுமா?
ஏறும் என்றேன்.
சாலையிலிருந்து கண்ணெடுக்காமல்
"சட்டை இன்னும் காயவில்லை" என்றான்.